சேராதவருக்கும் ஓர் இலை

தீபாவளி விடியலில், எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரம் தலையில் உலராதிருக்க, புத்தாடையின் ஓரத்தில் வைத்த மஞ்சள் இன்னும் காயாதிருக்க, வீட்டிலுள்ள பெரியவர்களும் சிறியவர்களும் அடுக்களை வாசலில் வரிசையாக உட்கார்ந்து, முதலில் லேகியம் ஓர் உருண்டையும் அதன்பின் இனிப்பு ஒரு துண்டும் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் வழக்கம், அம்பாசமுத்திரத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டில் என் பாட்டனார் காலம் முதல் இடையறாமல் நடந்துவருகிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தீபாவளியன்று, அப்போது 19 வயதாயிருந்த என் தங்கை மகள், லேகியத்தை வாங்கி உண்டுவிட்டு, என் தாயார் முதல்நாள் முழுவதும் அடுப்பின் முன் நின்று கிண்டிய கோதுமை அல்வாவை மட்டும் வாங்காமல் கையை மடக்கிக்கொண்டாள்.

"ஒரு துண்டு தின்னா ஒண்ணும் செய்யாதுட்டி. ஆச்சி கையால கிண்டினதுல்லா?" என்றார் தாயார்.

"எனக்குச் சேராது ஆச்சி. கோதுமையே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று அவள் மெல்லச் சொன்னாள்.

தாயார் மறுபேச்சுப் பேசவில்லை. நீட்டிய துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று பகல் முழுவதும் அந்த இருவர் முகத்திலும் பண்டிகைக் களை இல்லை. குற்றம் என்று சுட்டுவதற்கு இருவரிடத்திலும் ஒன்றும் இல்லாமல் போனதுதான் அந்தச் சம்பவத்தின் சங்கடம். ஊட்டுவதைத் தவிர வேறு பாஷையில் அன்பைச் சொல்லிப் பழகாத ஒரு தலைமுறையும், உண்டால் உடல் நோகும் என்று அறிந்துவிட்ட ஒரு தலைமுறையும் ஒரே வாசற்படியில் எதிரெதிரே நின்றன, அவ்வளவுதான்.

'சேராது' என்ற சொல்லை நாம் எத்தனையோ காரியங்களுக்கு வழங்குகிறோம். கத்தரிக்காய் சேராது என்பவரும், பால் சேராது என்பவரும், நிலக்கடலை சேராது என்பவரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். ஆயினும் அவர்கள் தேகத்துக்குள் நடப்பவை வெவ்வேறு. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைப் பிரிப்பதற்குச் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி சுரக்க வேண்டும். அது குறைந்தவர்களுக்குப் பாலின் சர்க்கரை ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து, வயிற்றுப் பொருமலையும் போக்கையும் உண்டாக்குகிறது. இது உபத்திரவமேயன்றி ஆபத்தன்று. நிலக்கடலையோ இறாலோ ஒவ்வாமையாக உள்ளவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒரு சிறு துணுக்கு உள்ளே போனாலும் சில நிமிஷங்களில் உதடு வீங்கி, மூச்சு முட்டி, உயிருக்கே அபாயம் நேரக்கூடும். என் தங்கை மகளுக்கு வந்தது மூன்றாவது வகை. சீலியாக் என்று வைத்தியர்கள் சொல்லும் அந்த நோயில், கோதுமையிலும் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைக் கண்டவுடன், தேகத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கி, உணவின் சாரத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்களைப் போன்ற மடிப்புகளைத் தேய்த்துவிடுகிறது. வயிறு நிறைய உண்டும் உடம்பில் ஒட்டாமல் போவதற்கு அதுவே காரணம்.

அவளுக்கு அந்தப் பெயர் தெரியவருவதற்குள் ஏழு வருஷங்கள் சென்றுவிட்டன. இரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவினார்கள். பரீட்சைப் பயத்தால் வயிற்றுப்போக்கு என்று ஆறுதலும் கூறினார்கள். யாரையும் நோவதற்கு எனக்கு மனமில்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, கோதுமையே நித்திய ஆகாரமான வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், அரிசியுண்ணும் தென்னிந்தியாவில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவருக்குமே இந்நோய் காணப்படுகிறது. அபூர்வமாக வருவதை முதலில் சந்தேகிப்பது எந்த வைத்தியருக்கும் எளிதன்று. ஆனால் ஒன்றை மட்டும் வாசகர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்: சந்தேகம் தோன்றியதும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போகலாகாது. கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதுதான் இரத்தத்தில் அதற்குரிய எதிர்ப்பொருளும், குடலின் சதைத்துணுக்கில் அதற்குரிய சிதைவும் புலப்படும். நிறுத்திவிட்டால் நோய் மறைந்துகொள்ளும், சோதனையும் பொய்த்துவிடும்.

இந்த நோயின் சரித்திரத்தில் ஒரு பட்டினிக் காலம் இருக்கிறது. லண்டனில் 1888இல் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் இதன் லக்ஷணங்களைத் தெளிவாக எழுதி, இதற்குக் குணம் உண்டாகுமானால் அது ஆகாரத்தின் மூலமாகவே உண்டாக வேண்டும் என்று கூறியிருந்தார். ஆனால் எந்த ஆகாரம் பகை என்பது அவருக்குப் புலப்படவில்லை. ஹாலந்து தேசத்தில் ஹேக் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லெம் டிக்கே என்பவர், 1930களிலேயே கோதுமையின்மீது ஐயங்கொண்டு, சில குழந்தைகளுக்கு அதை விலக்கிப் பார்த்துவந்தார். அதன்பின் வந்தது 1944-45 பனிக்காலம். ஜெர்மானியப் படையின் முற்றுகையால் ரொட்டி கிடைக்காமல், மக்கள் துலிப் மலர்ச் செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்ற அந்தக் கொடிய மாதங்களில், ஊரெல்லாம் மெலிந்துகொண்டிருக்க, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் ஓய்ந்து மீண்டும் ரொட்டி வந்தபோது அவர்கள் மறுபடியும் நோயில் விழுந்தார்கள். டிக்கே தம் முடிவுகளை 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். இன்றளவும் இந்நோய்க்குக் கைகண்ட சிகிச்சை அவர் கண்ட அந்த விலக்கு ஒன்றே. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து சேர்ந்தாலும் குடல் சிதைவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆதலால் 'ஒரு துண்டு' என்று நாம் பரிவோடு நீட்டுவது, அந்தக் குடலின் கணக்கில் சிறிய அளவன்று.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் கந்த சஷ்டி தொடங்கிற்று. என் தாயார் ஆண்டுதோறும் ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதமிருந்து, சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூரில் கடலாடித் திரும்புகிற வழக்கமுடையவர். மூன்றாம் நாள் சாயங்காலம் அடுத்த வீட்டு அம்மாள் சூடான பணியாரம் கொண்டுவந்தார். "நான் சஷ்டிலா இருக்கேன்" என்று தாயார் சொன்னவுடன், அந்த அம்மாள் கைகூப்பிவிட்டு, முகத்தில் சிறிதும் வாட்டமின்றிப் பாத்திரத்தைத் திரும்ப எடுத்துப் போனார். திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை மகள், சற்று நேரம் கழித்து, "எனக்கும் அது மாதிரிதான் ஆச்சி. ஆறு நாள் இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நான் பிற்பாடு வெகுவாக யோசித்திருக்கிறேன். மாலை போட்டிருப்பவர் வந்தால் அவருக்காகத் தனிப் பாத்திரம் துலக்கி வைக்கிறோம். ஏகாதசிக்காரருக்கு அரிசி விலக்கி வேறு ஆகாரம் தேடுகிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையலும், சித்த மருந்து உண்பவருக்கு உப்பும் புளியும் நீக்கிய சமையலும் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் நடந்திருக்கின்றன. இவர்களில் ஒருவரையாவது 'ஒரு வாய் தின்றால் என்ன' என்று வற்புறுத்தியவர் உண்டா? வற்புறுத்துவது பாவம் என்று நமக்குச் சொல்லாமலே தெரியும். அப்படியிருக்க, உடம்பே விதித்த ஆயுட்கால விரதத்தை ஏற்றிருப்பவருக்கு மட்டும் அந்த மரியாதையைக் கொடுக்காமல், கொஞ்சியும் கோபித்தும் ஊட்டப் பார்ப்பது எதனால்? திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த அதே புலவர்தாம், மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில், உடலுக்கு ஒத்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியும் பாடியிருக்கிறார்; முதலாவதை மனப்பாடம் செய்த நாம் இரண்டாவதைப் பந்தியில் நினைவுகொள்வதில்லை.

அன்று முதல் என் தாயார் வேறொரு மனுஷியானார். அடுத்த ஆவணி மாதமே என் தங்கை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பண்டம் பண்டமாகக் கணக்கெடுத்தார். கணக்கெடுக்கத் தொடங்கியபோதுதான், நம் சீமையின் பலகாரங்களில் கோதுமைக்கு உள்ள இடம் எவ்வளவு சிறியது என்பது எங்களுக்குத் துலங்கிற்று. திருநெல்வேலி அல்வா ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த கோதுமைப் பால். முதலூர் மஸ்கோத் அல்வாவில் தேங்காய்ப் பாலோடு மைதாப் பாலும் உண்டு. சோமாசிக்கு மைதா, கேசரிக்கு ரவை, சேமியாப் பாயசத்துக்கு அந்தச் சேமியாவே. இவற்றை விலக்கிவிட்டால் மிச்சமிருப்பதை எண்ணிப் பாருங்கள். அதிரசம் பச்சரிசி மாவும் வெல்லப்பாகும், உக்காரை பாசிப்பருப்பு, லட்டும் மைசூர்பாகும் கடலைமாவு, ஜாங்கிரி உளுந்து, கருப்பட்டி மிட்டாய் அரிசியும் உளுந்தும், தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெண்கருவும் முந்திரியும் சீனியுமேயன்றி மாவு என்பதே அதில் கிடையாது, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நிலக்கடலையும் பாகும், பழநிப் பஞ்சாமிர்தம் மலைவாழைப்பழமும் சர்க்கரையும் தேனும் நெய்யும் பேரீச்சையும் கற்கண்டும் ஏலமும். கம்பும் தினையும் சாமையும் குதிரைவாலியும் கேழ்வரகும் ஆகிய நம் புன்செய் தானியங்கள் எவற்றிலும் குளூட்டன் இல்லை. வடக்கே ஒரு சப்பாத்திக் குடும்பத்தில் பிறந்திருந்தால் அந்தப் பெண்ணின் பாடு எவ்வளவு கடினமாயிருக்கும் என்பதை நினைத்து, அரிசிச் சோற்றின் நாட்டில் பிறந்தாளே என்று நான் மனதார நன்றி செலுத்தினேன்.

ஆனால் கோதுமை வெளிப்படையாக வருமிடங்களைவிட, மறைந்து வருமிடங்களே அபாயமானவை. இவற்றுள் தலையானது பெருங்காயம். ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் அந்தச் செடிப்பிசின் தனியே உபயோகிக்கக் கூடாத அளவுக்குக் காரமானதாகையால், கோந்தும் மாவும் கலந்தே கடையில் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. சாம்பாரிலும் ரசத்திலும் முறுக்கிலும் ஊறுகாயிலும் மோரிலும் கூடச் சிட்டிகை சிட்டிகையாக அது நுழைந்துவிடுகிறது. அரிசி மாவு மட்டும் கலந்த பெருங்காயமும் இப்போது கிடைக்கிறது. டப்பாவின் பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி, குளூட்டன் இல்லாதது என்று விற்கும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது. மற்றப் பொட்டலங்களிலும் கோதுமை, பால், நிலக்கடலை முதலானவை சேர்ந்திருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது இடம் மாவு மில். நமக்கு முன்னே கோதுமை அரைத்தவருடைய மாவு எந்திரத்தின் தொண்டையில் தங்கியிருந்து, பின்னே விழும் பச்சரிசி மாவோடு கலந்துவிடும். மூன்றாவது, பலகாரம் சுடும் எண்ணெய். பூரியும் சோமாசியும் பொரித்தெடுத்த எண்ணெயில் முறுக்கைப் பிழிந்தால், முறுக்கும் கோதுமைப் பண்டமாகிவிடுகிறது. என் தாயார் அந்த வருஷம் பச்சரிசியைக் களைந்து உலர்த்தி வீட்டு மிக்சியிலேயே அரைத்து, புதுச் சல்லடையில் சலித்து, பெருங்காயத்துக்குப் பதில் சீரகமும் எள்ளும் ஓமமும் இட்டு, இருப்புச்சட்டியில் புது எண்ணெய் காய்ந்தவுடன் முதல் ஈடாக முறுக்கைச் சுட்டெடுத்தார். மைதாப் பண்டங்களை அந்த வருஷத்தோடு நிறுத்தியே விட்டார். ஒருவருக்காகத் தனித் தூக்குவாளியில் தனிப் பலகாரம் வைப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. "தனியா வச்சா அவ தனியாத்தானே திங்கணும்" என்றார்.

இந்த இடத்தில் என் சொந்தச் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதுக்குமேல் எனக்குப் பால் சேராமல் போயிற்று. இதில் நான் தனியனல்லன். பால்குடி மறந்த பிறகு லாக்டேஸ் குறைந்துகொண்டே போவதுதான் மனிதரில் பெரும்பாலோருக்கு இயற்கை. 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வட இந்தியரில் நூற்றுக்கு 27 பேருக்கும் தென்னிந்தியரில் 66 பேருக்கும் பால் சர்க்கரையைச் சரிவர ஜீரணிக்கும் சக்தி இல்லை என்று கண்டது. ஆயினும் இந்தக் குறை சீலியாக்கைப் போல முழு விலக்கைக் கோருவதில்லை. எல்லாம் அளவைப் பொறுத்தது. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். அந்த அளவையே பலர் உணவோடு சேர்த்து உபத்திரவமின்றித் தாங்கிக்கொள்கிறார்கள். தயிரில் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை முன்னதாகவே தின்றுவிடுகின்றன. நெய்யில் அது இல்லையென்றே சொல்லலாம். ஆகவே நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கலைக் கண்டு நான் அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டியது, படி படியாகப் பாலைச் சுண்டவைத்துச் சர்க்கரையோடு இறுக்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையும் திரட்டுப்பாலையும் இரண்டாம் முறை ஊற்றும் பால் பாயசத்தையுந்தான். இதற்கு மாற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. தென்கோடியில் அது எப்போதும் இருந்துவந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டுச் சிறுபருப்புப் பாயசமும் அடைப் பிரதமனும் தேங்காய்ப் பாலில் வெந்தவை. எங்கள் ஜில்லாவில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் சொதியோ, பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப் பாலில் கூடி, பக்கத்தில் இஞ்சிப் பச்சடியோடு இலையில் விழும்போது, பாலும் கோதுமையும் இல்லாத குறையை எந்த நாக்கும் உணராது. கல்யாண விருந்துகளிலேயே மிக உயர்ந்தது அதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மற்றச் சமயத்தாரின் பண்டிகைகளிலும் இதே விசாரம் உண்டு. ரமலான் மாதத்தில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி அரிசிக் கஞ்சியாகையால் என் தங்கை மகள் போன்றோருக்கு ஒத்துக்கொள்ளும். ஹலீமில் கோதுமை சேர்வதால் ஒத்துக்கொள்ளாது. கத்தோலிக்கத் திருச்சபையில் திருப்பலி அப்பம் கோதுமையாலேயே ஆக வேண்டும் என்பது விதி. 2017இல் ரோமாபுரியிலிருந்து வந்த கடிதம், குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை அனுமதித்து, முற்றிலும் நீக்கியதை ஏற்கவில்லை. அந்த அளவும் ஆகாதவர்கள் திராட்சை ரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம்.

வீட்டு விருந்தைவிடக் கல்யாணப் பந்தி கடினமானது, ஆனால் அசாத்தியமன்று. பந்தியில் உட்கார்ந்த பிறகு பரிமாறுகிறவரிடம் கேட்பதில் பயனில்லை. அவர் கைவாளியில் இருப்பது எதனால் ஆயிற்று என்பது அவருக்கே தெரியாது. இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்காரரிடம் சொல்லி, தவசிப்பிள்ளையிடம் நேரிலோ போனிலோ விசாரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்த் தவசிப்பிள்ளைகள் இதைக் குறையாக எடுத்துக்கொண்டதை நான் கண்டதில்லை. ரசத்துக்குப் பெருங்காயம் போடும் முன்பு ஒரு சிறு பாத்திரத்தில் மொண்டு எடுத்துவைத்தவர் உண்டு. ஐயம் நீங்காத பண்டத்தை இலையில் வாங்கிவிட்டு வீணாக்குவதைவிட, பரிமாறும்போதே இலைக்குமேல் கையைக் கவித்து 'போதும்' என்று சொல்லிவிடுவது உத்தமம். காரணத்தைப் பந்தியில் விஸ்தரிக்க வேண்டிய அவசியமில்லை. விருந்தழைப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. வருகிறவரிடம் 'சாப்பிட வாருங்கள்' என்று சொல்லும் அதே மூச்சில், 'உங்களுக்குச் சேராதது ஏதேனும் உண்டா' என்றும் கேட்டுவிட்டால், சொல்லக் கூசுகிற எத்தனையோ பேருடைய நெஞ்சம் இலேசாகிவிடும். என் தங்கை மகள் கல்லூரி விடுதியில் இருந்த மூன்று வருஷத்தில், தோழிகள் வீட்டுப் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் போகாமல் ஏதேதோ சாக்குச் சொல்லித் தங்கிவிட்டாள் என்பது எங்களுக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது. வயிற்றுவலிக்கு அவள் அஞ்சவில்லை. தனக்காக ஒரு வீடு சிரமப்பட வேண்டுமே என்றுதான் அஞ்சினாள்.

இப்போது அவள் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறாள். ஐப்பசி பிறந்து முதல் வாரத்தில், டிக்கெட் எடுத்தாயிற்றா என்று விசாரிப்பதற்கு முன்பே, என் தாயாரின் போன் அவளுக்குப் போய்விடும். சென்ற வருஷம் அந்தப் பேச்சு நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏட்டி, ஜவ்வரிசில கோதுமை உண்டா?"

"இல்ல ஆச்சி. அது மரவள்ளிக்கிழங்கு. சேலத்துலேர்ந்து வருது."

"அப்பச் சரி. பாயசம் அதுலயே வச்சிருதேன். ஒங்க மாமாவுக்கும் ஆகணும்லா, தேங்காப்பால் விட்டுக்கிடுதேன்."